பாலைவனத்தில் ஒரு கோடை, அப்புறம் வகுப்பில் என்ன மாற்றம்?

சினிமா பாடம் நடத்தும் ஓர் ஆசிரியர் கோடை விடுமுறைக்குப் பாலைவனப் பண்ணை ஒன்றுக்கு வேலை செய்யப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். குதிரைமசால் அறுக்கிறார், கட்டுகளைத் தூக்கி வண்டியில் அடுக்குகிறார், விடிவதற்கு முன்னால் எழுந்து வயலுக்குத் தண்ணீர் திருப்பி விடுகிறார். விடுமுறை முடிந்ததும் கை காய்த்து, பிடரி கறுத்து, திரும்பவும் சினிமா வகுப்புக்கே வந்து நிற்கிறார்.

இவரைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுவார்கள். முதல் கோஷ்டி சிரிக்கும். "சினிமா சொல்லித் தர சினிமா பார்த்தால் போதாதா? மண் சுமந்தால் ஷாட் புரிந்துவிடுமா? அந்த மூன்று மாதத்தில் முந்நூறு படம் பார்த்திருக்கலாமே!" இரண்டாவது கோஷ்டி மாலை போடும். "ஆகா, மண்ணின் மணத்தை நுகர்ந்து வந்த மகான்! உழைப்பே அவரைப் புடம் போட்டுவிட்டது!"

இரண்டு பேச்சும் தப்பு. சொல்லப்போனால் இரண்டாவது பேச்சுதான் ரொம்பத் தப்பு. சினிமா சொல்லித் தருகிறவர் வயலில் வேலை செய்து பார்ப்பது நல்லது, அவசியம்கூட. ஆனால் அதனால் அவருடைய ஆத்மா சுத்தமாகும் என்பதற்காக இல்லை. வேலையைப் பற்றி சினிமா சொல்லும் பொய்யை உடம்பால் கண்டுபிடிக்க அதுதான் சுலபமான வழி. கண்டுபிடித்த பிறகு பாடத்திட்டம் மாறவில்லை என்றால் அவர் போய் வந்தது வெறும் சுற்றுலா. இதுதான் விஷயம்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். "பாலைவனப் பண்ணை" என்றதும் பலருக்கும் குழப்பம் வரும். பாலைவனத்தில் என்ன பண்ணை? அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சினிமாவுக்குப் பேர்போன ஹாலிவுட் இருப்பதும் அங்கேதான், பாலைவனத்தில் விவசாயம் செய்வதும் அங்கேதான். தெற்கு ஓரத்தில், மெக்சிகோ எல்லையை ஒட்டி இம்பீரியல் பள்ளத்தாக்கு இருக்கிறது. ஆண்டு மழை சுமார் 3 அங்குலம்தான். ஜூலையில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ஆனாலும் குளிர்காலத்தில் அந்த நாடு சாப்பிடும் கீரை, காய்கறியில் பெரும் பங்கு அங்கிருந்துதான் வருகிறது. காரணம் கொலராடோ ஆறு. 1930களில் வெட்டிய ஆல் அமெரிக்கன் கால்வாய் சுமார் 80 மைல் தூரத்துக்கு அந்த ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டுகிறது. அந்தத் தண்ணீரில் அங்கே அதிகப் பரப்பில் விளைவது மாட்டுத் தீவனமான குதிரைமசால்.

அதே மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில், நெவாடா எல்லைக்குப் பக்கத்தில், மலைகளுக்கு நடுவே உயரமான ஒரு பாலைவனப் பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே டீப் ஸ்பிரிங்ஸ் என்று ஒரு கல்லூரி. மின்சாரத் தொழிலில் முன்னோடியாக இருந்த எல்.எல். நன் என்பவர் 1917ல் ஆரம்பித்தது. இரண்டு வருடப் படிப்பு, மொத்தமே முப்பது பேருக்குள்தான் மாணவர்கள். படிப்போடு சேர்த்து ஒவ்வொருவரும் வாரத்துக்குக் குறைந்தது 20 மணி நேரம் பண்ணை வேலை செய்ய வேண்டும். பால் கறக்க வேண்டும், மாடு மேய்க்க வேண்டும், குதிரைமசாலுக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும், சமைக்க வேண்டும். யாரை ஆசிரியராக எடுப்பது என்பதில்கூட மாணவர்களுக்குப் பங்கு உண்டு. நூறு வருடம் ஆண்களுக்கு மட்டுமே இருந்த அந்தக் கல்லூரி, பெரிய வழக்கு ஒன்று முடிந்த பிறகு 2018ல்தான் பெண்களைச் சேர்த்தது.

நன் செய்தது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் அவர் யோசனை எளிமையானது. தலையால் படிப்பவன் கையால் வேலை செய்பவனைத் தனக்குக் கீழே நினைக்கக் கூடாது என்றால், இரண்டையும் ஒரே ஆளே செய்துவிடட்டும்! இந்த யோசனை எல்லாப் படிப்புக்கும் பொருந்தும். சினிமா படிப்புக்குக் கூடுதலாகவே பொருந்தும். ஏன் என்று பார்ப்போம்.

* * *

சினிமாவின் முதல் படங்களில் ஒன்று எது என்று எந்த வகுப்பில் கேட்டாலும் பதில் வரும். 1895ல் லூமியேர் சகோதரர்கள் எடுத்த, தொழிலாளர்கள் தொழிற்சாலையை விட்டு வெளியே வரும் படம். ஒரு நிமிடத்துக்கும் குறைவு. பிரான்சில் லியோன் நகரில் அவர்களுடைய சொந்தத் தொழிற்சாலை வாசல்தான் லொகேஷன். கேமரா முதலாளியுடையது, கட்டடம் முதலாளியுடையது, நடித்தவர்கள் அவர் சம்பளம் கொடுக்கும் ஆட்கள். ஒரு தடவை எடுத்ததோடு விடவில்லை, மூன்று விதமாக எடுத்தார்கள்.

எல்லா சினிமா புத்தகத்திலும் இந்தப் படம் இருக்கும். ஆனால் அந்தத் தொழிலாளர்கள் உள்ளே என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பது படத்தில் இல்லை. (புகைப்படத் தகடு தயாரித்தார்கள்.) கேமரா வெளியே நின்றது. வேலை முடிந்து ஆட்கள் வெளியே வந்த பிறகுதான் அவர்களைப் பார்த்தது.

ஹாருன் ஃபரோக்கி என்ற ஜெர்மன் இயக்குநர் இதைப் பிடித்துக்கொண்டார். அந்தப் படம் வந்து நூறு வருடம் ஆனபோது, 1995ல், அதே தலைப்பில் ஒரு கட்டுரைப் படம் எடுத்தார். நூறு வருடச் சினிமாவிலிருந்து தொழிற்சாலை வாசல் காட்சிகளாகப் பொறுக்கிச் சேர்த்துக் காட்டினார். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: சினிமா வாசலிலேயே நின்றுவிட்டது, உள்ளே போக அதற்கு விருப்பமே இல்லை. சினிமாக் கதைகள் பெரும்பாலும் வேலை முடிந்த பிறகுதான் ஆரம்பிக்கின்றன. காதல், சண்டை, சாவு எல்லாமே சங்கு ஊதிய பிறகுதான்! ஃபரோக்கி வெறும் இயக்குநர் மட்டும் இல்லை, ஆசிரியரும்கூட. அந்தப் படத்தை எடுத்த காலத்தில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

தொழிற்சாலைக்காவது ஒரு வாசல் இருக்கிறது. வயலுக்கு அதுவும் இல்லை. அங்கே சினிமா வேறொரு தந்திரம் செய்கிறது. வேலையை அழகாக்கிவிடுகிறது.

டெரன்ஸ் மாலிக் இயக்கிய 'டேஸ் ஆஃப் ஹெவன்' 1978ல் வந்தது. ஒளிப்பதிவுக்கு ஆஸ்கர் வாங்கிய படம். உலகம் முழுக்க சினிமா வகுப்புகளில் போட்டுக் காட்டுவார்கள். கோதுமை அறுவடைக்கு வரும் கூலிகளைப் பற்றிய கதை. கதை நடப்பது டெக்சாஸில், எடுத்தது கனடாவின் ஆல்பர்ட்டாவில். ஒளிப்பதிவாளர் நெஸ்டர் அல்மென்ட்ராஸ் பல காட்சிகளைச் சூரியன் மறைந்த பிறகு கொஞ்ச நேரமே இருக்கும் அந்தி வெளிச்சத்தில் எடுத்தார். ஒரு நாளைக்குக் கிடைப்பது சுமார் இருபது நிமிடம்தான். அந்த இருபது நிமிடத்துக்காக நாள் முழுக்கக் காத்திருந்தார்கள் என்று வகுப்பில் வியந்து வியந்து சொல்வார்கள்.

வியக்கட்டும். அது உண்மையிலேயே அற்புதமான ஒளிப்பதிவு. ஆனால் அறுவடைக் கூலிக்கு அந்த இருபது நிமிடம் என்ன? அவன் அரிவாளைக் கீழே வைக்கும் நேரம்! அவனுடைய வேலை நேரம் உச்சி வெயில். படத்திலோ வேலை மேல் விழுவது அந்தியின் பொன் வெளிச்சம். அதாவது அவன் ஓய்வு நேரத்தின் வெளிச்சத்தைத் திருடி அவன் வேலைக்குப் பூசியிருக்கிறார்கள். இதை ஒரு சினிமா ஆசிரியர் எப்போது கவனிப்பார்? பதினொரு மணி வெயிலில் ஒரு வரிசை குனிந்து முடித்து, நிமிர்ந்து, இன்னும் எத்தனை வரிசை பாக்கி என்று எண்ணிப் பார்த்த பிறகு கவனிப்பார். அதற்கு முன்னால் அவருக்கு அது "மேஜிக் ஹவர்" மட்டும்தான்.

அடுத்தது நேரக் கணக்கு. ஒரு வேலை நாள் 8 மணி நேரம் என்று வையுங்கள். 480 நிமிடம், 28,800 விநாடி. படத்தில் அறுவடை மாண்டேஜ் 20 விநாடி, கூடவே இசை. அப்படியானால் சினிமா அந்த வேலையில் 1,440ல் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு "அறுவடை முடிந்தது" என்கிறது. மீதி 1,439 பங்கு எங்கே போயிற்று? வெட்டி எறியப்பட்டது. கதை வெட்டுவதை எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள், யாரும் எட்டு மணி நேரம் உட்கார்ந்து பார்க்க முடியாது. ஆனால் எது எப்போதும் வெட்டப்படுகிறது, எது ஒருபோதும் வெட்டப்படுவதில்லை என்று பாருங்கள். முத்தத்துக்கு முழு நேரம். துப்பாக்கிச் சண்டைக்கு ஸ்லோ மோஷன், அதாவது இருப்பதைவிடக் கூடுதல் நேரம்! களை எடுப்பதற்கு மட்டும் 20 விநாடி.

கணக்குப் பதிவியலில் முதல் பாடம் என்ன? ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு இருக்க வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் எழுதி வைத்த பேரேட்டை எந்தத் தணிக்கையாளரும் ஏற்க மாட்டார். சினிமா நூறு வருடத்துக்கு மேலாக ஒரு பக்கத்தை மட்டுமே எழுதி வைத்திருக்கிறது. விளைந்தது தெரிகிறது. விளைவித்த நேரம் தெரியவில்லை. அதைப் பாடமாக நடத்துகிறவர்களும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள்.

* * *

"சரி, இதெல்லாம் புத்தகம் படித்தாலே தெரியுமே" என்று முதல் கோஷ்டி கேட்கும். தெரியலாம். ஆனால் சில விஷயங்களைப் பார்க்கவே உடம்பு வேண்டும். ஒரே ஓர் உதாரணம்.

கலிஃபோர்னியா வயல்களில் பல பத்தாண்டுகள் குட்டைப் பிடி போட்ட களைக்கொத்து ஒன்று புழக்கத்தில் இருந்தது. பிடி இரண்டடி கூட இருக்காது. அதைப் பிடித்து வேலை செய்ய வேண்டுமானால் நாள் முழுக்க இடுப்பை மடித்தே இருக்க வேண்டும். நீளப் பிடி போட்ட கருவி இல்லாமல் இல்லை, வேறு மாநிலங்களில் அதைத்தான் பயன்படுத்தினார்கள். குட்டைப் பிடி இருந்தால்தான் வேலை துல்லியமாக வரும் என்று பண்ணை முதலாளிகள் சொன்னார்கள். தொழிலாளர்கள் சொன்ன காரணம் வேறு. குட்டைப் பிடி என்றால், வயல் ஓரத்தில் நிற்கும் மேஸ்திரிக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிடும். குனிந்திருப்பவன் வேலை செய்கிறான், நிமிர்ந்து நிற்பவன் சும்மா இருக்கிறான்! முதுகெலும்பு போனவர்கள் ஏராளம். வழக்கு நடத்தி, மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், 1975ல்தான் அந்தக் கருவிக்குத் தடை வந்தது.

இதை ஒரு சினிமா ஆசிரியர் எப்படிப் பார்க்க வேண்டும்? இது முழுக்க முழுக்கப் பார்வை பற்றிய விஷயம். தூரத்தில் ஒருவன் நிற்கிறான், அவன் கண்ணுக்கு வசதியாக இருக்க வேண்டும் என்பதற்காக நூறு பேருடைய உடம்பு மடிக்கப்படுகிறது. வைட் ஷாட்டில் குனிந்த முதுகுகள் வரிசையாகத் தெரியும் அழகான வயல் காட்சியை எத்தனை படத்தில் பார்த்திருப்பீர்கள்? அந்த ஷாட் யாருடைய இடத்திலிருந்து எடுக்கப்பட்டது? மேஸ்திரி நிற்கும் இடத்திலிருந்து! "பார்வை", "அதிகாரம்" என்று கோட்பாட்டு வகுப்பில் ஒரு செமஸ்டர் முழுக்கப் பேசுகிறார்கள். அந்தப் பேச்சில் இந்தக் களைக்கொத்து எத்தனை தடவை வந்திருக்கும்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இதற்குத்தான். ஒரே ஒரு நாள் இடுப்பு ஒடிய வேலை செய்தவர் அந்த வைட் ஷாட்டைத் திரும்பவும் பழைய மாதிரி ரசிக்க முடியாது. ரசிக்கவும் கூடாது.

* * *

இப்போது மாலை போடும் கோஷ்டிக்கு வருவோம்.

கோடையில் பண்ணைக்குப் போகும் ஆசிரியர் தொழிலாளி ஆகிவிடுவதில்லை. ஆக முடியாது. அவர் பையில் திரும்பிப் போகும் டிக்கெட் இருக்கிறது. வெயில் தாங்கவில்லை என்றால் போன் செய்து "உடம்பு சரியில்லை" என்று சொல்லலாம். வேலை போகாது, விசா போகாது, வாடகை பாக்கி விழாது. டீப் ஸ்பிரிங்ஸ் மாணவனுக்கும் இது பொருந்தும். அவன் பால் கறப்பது நிஜம்தான். ஆனால் அதற்கு ஈடாகச் செலவில்லாத அருமையான படிப்பும், அப்புறம் பெரிய பல்கலைக்கழகங்களின் கதவும் கிடைக்கின்றன. இம்பீரியல் பள்ளத்தாக்கில் கீரை அறுப்பவருக்கு அறுப்புக்கு ஈடாகக் கிடைப்பது அன்றைய கூலி.

இந்த வித்தியாசம் மனநிலை சம்பந்தப்பட்டது இல்லை. சட்டத்திலேயே எழுதி வைத்த வித்தியாசம். அமெரிக்காவில் 1935ல் தொழிற்சங்க உரிமைச் சட்டம் வந்தபோது பண்ணைத் தொழிலாளர்களை வெளியே நிறுத்தினார்கள். 1938ல் குறைந்தபட்சக் கூலி, கூடுதல் நேரக் கூலி பற்றிய சட்டம் வந்தது, அதிலும் வெளியே நிறுத்தினார்கள். குறைந்தபட்சக் கூலி 1966ல் எட்டிப் பார்த்தது, அதுவும் எல்லாருக்கும் இல்லை. கூடுதல் நேரக் கூலிக்குக் கலிஃபோர்னியா மாநிலம் 2016ல் தனிச் சட்டம் போட்டு, 2019லிருந்து படிப்படியாக அமல்படுத்தியது. கூட்டாட்சிச் சட்டத்தில் அந்த ஓட்டை இன்னும் அடைபடவில்லை. நிழல், தண்ணீர், ஓய்வு என்ற மூன்றும் வெயிலில் வேலை செய்பவரின் உரிமை என்று கலிஃபோர்னியா விதி போட்டதே 2005ல்தான். அந்த நாட்டில் அப்படி விதி போட்ட முதல் மாநிலமும் அதுதான். நிழல் கொடு என்று சொல்ல 2005 வரை ஆகியிருக்கிறது!

இவ்வளவும் இருக்கும்போது "உழைப்பு என்னைப் புதிய மனிதன் ஆக்கியது" என்று ஒரு பேராசிரியர் சொன்னால் கேட்பவருக்கு எரிச்சல் வராதா? அவரைப் புதிய மனிதன் ஆக்கிய அதே உழைப்பு பக்கத்து வரிசையில் நின்றவரின் முதுகை உடைத்திருக்கிறது. விருந்தாளிக்கு ஞானம், வீட்டுக்காரனுக்கு இடுப்பு வலி. இது என்ன நியாயம்?

ஆகவே வயலுக்குப் போனாரா என்பது பாதிக் கேள்விதான். திரும்பி வந்து என்ன செய்தார் என்பதுதான் மீதி.

* * *

திரும்பி வருவதில் எப்படி வரக் கூடாது என்பதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. எட்வர்ட் ஆர். மரோ அமெரிக்கத் தொலைக்காட்சியின் மிகப் பெரிய பத்திரிகையாளர். 1960 நவம்பர் 25ல் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 'ஹார்வெஸ்ட் ஆஃப் ஷேம்' என்ற ஆவணப்படத்தை வழங்கினார். ஊர் ஊராகப் போய் அறுவடை செய்யும் தொழிலாளர்களின் நிலையைப் பற்றியது. அதற்கு முந்தின நாள் நன்றி சொல்லும் பண்டிகை, நாடு முழுக்க விருந்து. மறுநாளே "உங்கள் இலையில் விழுந்ததை அறுத்தவர்கள் இவர்கள்தான்" என்று காட்டினார். பிரமாதம். ஆனால் சில மாதத்தில், 1961ல், அமெரிக்க அரசின் வெளிநாட்டுத் தகவல் துறைக்குத் தலைவரானார். அதே படத்தைப் பிபிசி ஒளிபரப்பப் போகிறது என்று தெரிந்ததும் அதை நிறுத்தப் பார்த்தார்! பிபிசி மறுத்துவிட்டது. பார்த்தது அவர் கண்தான், காட்டியது அவர் குரல்தான். நாற்காலி மாறியதும் அதே காட்சி அசௌகரியம் ஆகிவிட்டது.

எப்படி வர வேண்டும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. ஜேம்ஸ் பென்னிங். 1942ல் மில்வாக்கியில் பிறந்தவர், கணிதம் படித்தவர். மேற்படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, கொலராடோவில் புலம்பெயர் பண்ணைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். அப்புறம் மிசௌரியில் ஏழைகளுக்கு உணவு கிடைக்கச் செய்யும் திட்டம் ஒன்றை ஆரம்பிக்க உதவினார். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சினிமா படித்து முதுநிலைப் பட்டம் வாங்கியபோது அவருக்கு வயது 33. அதற்குப் பிறகு சினிமா ஆசிரியர், 1987லிருந்து கலிஃபோர்னியாவின் கால்ஆர்ட்ஸ் கல்லூரியில். அவர் கட்டு தூக்கவில்லை, பாடம்தான் சொல்லிக்கொடுத்தார். ஆனால் யாருடைய பிள்ளைகளுக்கு என்பதுதான் முக்கியம். வயலோரத்திலிருந்து சினிமா படிப்புக்கு வந்தவர் அவர்.

வந்தவர் என்ன செய்தார்? 1999ல் 'எல் வேலி சென்ட்ரோ' என்று ஒரு படம். கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கைப் பற்றியது. அதன் தெற்குப் பகுதியில் பேக்கர்ஸ்ஃபீல்ட் பக்கம் ஆண்டு மழை ஆறு அங்குலத்தை ஒட்டித்தான். கால்வாய்த் தண்ணீரும் நிலத்தடி நீரும் இல்லை என்றால் அது பாலைவனம்தான். படத்தில் மொத்தம் 35 ஷாட். ஒவ்வொன்றும் இரண்டரை நிமிடம். கேமரா அசையாது. வசனம் கிடையாது, பின்னணி இசை கிடையாது, அந்தி வெளிச்சத்துக்கான காத்திருப்பும் கிடையாது. வயல், கால்வாய், ரயில், இயந்திரம், ஆட்கள். இரண்டரை நிமிடம் அசையாத ஷாட்டைப் பார்க்க ஆரம்பத்தில் கஷ்டமாக இருக்கும். நெளிவீர்கள். அந்த நெளிவுதான் பாடம். இரண்டரை நிமிடம் பார்க்கவே நெளிகிறோம், அதை எட்டு மணி நேரம் செய்பவர் என்ன ஆவார்?

முத்தாய்ப்பு கடைசியில்தான். படம் முடிந்து பெயர்ப் பட்டியல் ஓடும்போது, பார்த்த ஒவ்வொரு ஷாட்டும் என்ன, எங்கே எடுத்தது, அது யாருக்குச் சொந்தம் என்று வரிசையாக வருகிறது. சும்மா வயல் என்று பார்த்ததெல்லாம் பெரிய கம்பெனிகளின் சொத்து என்று அப்போதுதான் தெரிகிறது. 35 ஷாட்டையும் மனசில் திரும்ப ஓட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. பேரேட்டின் இன்னொரு பக்கத்தை எழுதிவிட்டார் மனிதர்! பிரசங்கம் ஒரு வரி இல்லை, கண்ணீர் ஒரு சொட்டு இல்லை. உரிமையாளர் பெயர் மட்டும்தான்.

வகுப்பிலும் அப்படியே. 'பார்ப்பதும் கேட்பதும்' என்று ஒரு பாடம் நடத்தினார். மாணவர்களை வெளியே ஏதாவது ஓர் இடத்துக்குக் கூட்டிப் போய், நேரம் எடுத்துக்கொண்டு பார்க்கவும் கேட்கவும் வைப்பதுதான் பாடமே. கேமராவைத் தொடுவதற்கு முன்னால் கண்ணைப் பழக்கும் வேலை.

* * *

எதிர்ப்புகள் வரும். வரட்டும்.

"கொலையைப் பற்றிய படத்துக்கு விமர்சனம் எழுதக் கொலை செய்து பார்க்க வேண்டுமா?" என்று கேட்பார்கள். வேண்டாம். கொலை செய்வது எப்படி இருக்கும் என்று தெரியாத ஆசிரியரால் யாருக்கும் நஷ்டம் இல்லை. ஆனால் தினமும் மூன்று வேளை யாரோ அறுத்ததைச் சாப்பிட்டுவிட்டு, அவர்கள் வேலை திரையில் எப்படிக் காணாமல் போகிறது என்று தெரியாமலேயே "காட்சி ஊடகம்" சொல்லித் தருவது வேறு விஷயம். மேலும் சினிமா கல்லூரிகள் ஏற்கெனவே ஒத்துக்கொண்ட கொள்கைதான் இது. கேமராவைத் தோளில் சுமக்காமல் ஒளிப்பதிவு புரியாது என்று மாணவனைச் சுமக்க வைக்கிறார்களே! கேமராவுக்குப் பின்னால் இருக்கும் வேலையை உடம்பால் படிக்க வேண்டும், முன்னால் இருக்கும் வேலையைப் புத்தகத்தில் படித்தால் போதும் என்றால் அது எந்த ஊர் தர்மம்?

"எல்லா ஆசிரியராலும் முடியுமா?" என்பது நியாயமான கேள்வி. வயசானவர், உடல்நிலை சரியில்லாதவர், குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் இருப்பார்கள். ஒப்பந்த ஆசிரியர்கள் பலருக்குக் கோடையில் சம்பளமே கிடையாது, அவர்கள் விடுமுறையில் வேறு வேலை தேடி அலைகிறார்கள். ஆகவே எல்லாரும் மண்வெட்டி தூக்கினால்தான் ஆசிரியர் என்று சட்டம் போடச் சொல்லவில்லை. போக முடிந்தவர் போகட்டும். போக முடியாதவரும் பாடத்தை மாற்ற முடியும்.

எப்படி மாற்றுவது? பெரிய புரட்சி எதுவும் வேண்டாம், மூன்று காரியம் போதும். ஒன்று, ஒவ்வொரு செமஸ்டரிலும் ஒரு வேலையை வெட்டாமல் காட்டும் படம் ஒன்றாவது இருக்கட்டும், மாணவர்கள் நெளிந்தாலும் பரவாயில்லை. இரண்டு, வயலோ தொழிற்சாலையோ வரும் எந்தக் காட்சியைப் பற்றி எழுதினாலும் லென்ஸ், வெளிச்சம், சட்டகம் இவற்றோடு அந்த இடம் யாருடையது, அந்தக் காலத்தில் அங்கே கூலி எவ்வளவு, வேலை நேரம் எவ்வளவு என்று இரண்டு வரி சேர்த்து எழுத வேண்டும் என்று விதி வைக்கட்டும். மூன்று, அந்த வேலையைச் செய்பவர் ஒருவரை வகுப்புக்கு அழைத்து, படத்தைப் போட்டுக் காட்டி, எது பொய் என்று சொல்லச் சொல்லட்டும். வெளியூர் பேராசிரியர் வந்து பேசினால் கொடுக்கும் அதே தொகையை அவருக்கும் கொடுக்கட்டும். ஓசியில் வேண்டாம்.

இந்த மூன்றும் நடந்தால் அந்தக் கோடை வீண் போகவில்லை என்று அர்த்தம். நடக்கவில்லை என்றால், அவர் கையில் காய்த்த காய்ப்பு தீபாவளிக்குள் உதிர்ந்துவிடும். அதற்கப்புறம் மிஞ்சுவது சொல்லிக் காட்ட ஒரு கதை மட்டும்தான்.

படம் பார்க்கிறவர்களுக்கும் ஒரு சின்ன வேலை. அடுத்த தடவை திரையில் வயலும் அறுவடையும் வரும்போது மூன்று விஷயம் கவனியுங்கள். சூரியன் எங்கே இருக்கிறது? கேமரா யார் நிற்கும் இடத்தில் நிற்கிறது? எத்தனையாவது விநாடியில் வெட்டினார்கள்? கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்து வையுங்கள். அடுத்து நண்பர்களோடு அந்தப் படத்தைப் பற்றிப் பேசும்போது, "ஒளிப்பதிவு சூப்பர்" என்று ஆரம்பிப்பதற்கு முன்னால் அந்த எண்ணைச் சொல்லுங்கள்.